மூங்கில் பிரஷ்ஷை விடுங்கள், குப்பைக் கூடையை எடை போடுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. மடிப்பாக்கத்தில் வாடகை ஃப்ளாட், இரண்டாவது மாடி. நான், கணவர், மாமியார், ஒன்பதாவதும் நான்காவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாத வீடாக மாற வேண்டும் என்று இந்த வருஷம் முடிவெடுத்து, பிளாஸ்டிக் டப்பாக்களில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு கண்ணாடி ஜாடி, மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா எல்லாம் வாங்கினேன். கம்போஸ்ட் தொட்டியும் வாங்கி பால்கனியில் வைத்தேன். மூன்றே வாரத்தில் நாற்றம், புழு. தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். மாமியார், "வீட்டுக்குள்ள குப்பையை வெச்சுக்கிட்டு விளக்கேத்தறதா" என்கிறார். கணவர், "நாம பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தான் கொட்டறாங்க, நீ ஒருத்தி பண்ணி என்ன ஆகப்போகுது" என்கிறார். பிள்ளைகள் சிப்ஸ் பாக்கெட்டை என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்கள். செலவும் ஆச்சு, சண்டையும் ஆச்சு. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? தொடர்வதானால் எங்கிருந்து தொடங்குவது? அடுத்த மாதம் சின்னவனுக்குப் பிறந்த நாள் வேறு, முப்பது பேருக்கு வீட்டில் சாப்பாடு. பேப்பர் தட்டு வாங்கலாமா?

பதில்:

வணக்கம் சகோதரி. விட வேண்டாம். ஆனால் இப்போது போகிற வழியிலேயே இன்னும் ஒரு மாதம் போனால் நீங்களே வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள், அதனால் கொஞ்சம் நின்று வரிசையை மாற்றிக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குப்பையைத் தரம் பிரிக்கவும் உரமாக்கவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. உங்கள் கடிதத்தில் இருக்கிற அத்தனையும், கீழ் வீட்டுக்காரரின் கோபம் உட்பட, நான் அடிக்கடி கேட்கிறவைதான். உங்கள் ஆர்வத்தில் ஒரு குறையும் இல்லை, தொடங்கிய இடம்தான் சரியில்லை. கடையில் 'இயற்கைக்கு உகந்தது' என்று எழுதி விற்கிற பொருள்களில் தொடங்கிவிட்டீர்கள். ஒரு வீட்டால் பூமிக்கு வருகிற பாரத்தில் பெரும்பகுதி அந்தப் பொருள்களுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பிரஷ் ஏறக்குறைய 20 கிராம். ஐந்து பேர், மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு 20 பிரஷ், மொத்தம் 400 கிராம். ஐந்து பேருக்குச் சமைக்கிற வீட்டில் காய்கறித் தோல், வெங்காயச் சருகு, வடிகட்டிய டீத்தூள், முருங்கைக்காய்ச் சக்கை, தட்டில் மிஞ்சிய சோறு எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கே ஒரு கிலோவுக்கு மேல் வரும். வருஷம் முழுக்க பிரஷ்ஷில் மிச்சம் பிடித்ததை ஒரு நாள் சமையல் மத்தியானத்துக்குள் தாண்டிவிடுகிறது. நம் ஊர் வீட்டுக் குப்பையில் எடைக்கணக்கில் பாதி, பல வீடுகளில் அதற்கும் மேல், ஈரக் குப்பைதான். என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், ஒரு வாரம் சமையலறைத் தராசில் கூடையை வைத்து எடை போட்டு, காலண்டரில் குறித்துக்கொண்டே வாருங்கள். கணவரும் பார்க்கிற இடத்தில் குறியுங்கள்.

மக்கிப் போகிற பொருள்தானே, அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று பலரும் கேட்கிறார்கள். காற்றுப் படுகிற இடத்தில் மக்கினால் கெடுதல் இல்லை. மலைபோல் குவிந்த குப்பைக்குள், காற்றே நுழையாத இடத்தில் அழுகும்போது மீத்தேன் வருகிறது, நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். கிடங்குகளில் தீ எளிதாகப் பற்றிக்கொள்வதற்கும் அது ஒரு காரணம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் நாள்கணக்கில் எரிந்தது. அது இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், தீப்பிடித்த அதே 2022இல்தான் அந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் காப்பாற்ற வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரையும் நாமக்கோழியும் வருகிற இடம், தென்சென்னையின் மழைநீர் போய்ச் சேருகிற இடம். அதன் மேல்தான் இந்த நகரம் பல பத்தாண்டுகளாகக் குப்பையைக் கொட்டி வைத்திருக்கிறது. அந்த மேட்டுக்கு உங்கள் வீட்டிலிருந்து வருஷத்துக்கு முந்நூறு நானூறு கிலோ போகாமல் நிறுத்த உங்கள் பால்கனியிலேயே முடியும். நீங்கள் வாங்கியதிலேயே சரியான பொருள் அந்த கம்போஸ்ட் தொட்டிதான்.

சரி, அது ஏன் நாறியது? ஈரம் கூடிப்போய், உள்ளே காற்று நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்து முதல் தடவை கம்போஸ்ட் போடுகிற எல்லாருக்கும் நடப்பது இதுதான், ஏனென்றால் தொட்டியோடு வருகிற சின்னத் தாளில் 'காய்கறிக் கழிவைப் போடவும்' என்பது பெரிதாகவும் 'காய்ந்த பொருள் சேர்க்கவும்' என்பது பொடி எழுத்திலும் இருக்கும். காய்ந்ததுதான் இதில் பாதி வேலை. காய்கறிக் கழிவில் நைட்ரஜனும் தண்ணீரும் அதிகம், சருகில் கார்பன் அதிகம். உரமாக்குகிற நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவைப்படுகிறது. வெறும் காய்கறித் தோலை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த நைட்ரஜன் அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும், அடியில் தேங்கிய தண்ணீர் அழுகின முட்டை வாடை அடிக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒரு பழைய ஃபிளெக்ஸையோ சாக்கையோ விரித்து, தொட்டியில் இருப்பதை முழுக்கக் கொட்டுங்கள். கறுப்பாகக் கொழகொழவென்று இருக்கும், முகம் சுளிக்கத்தான் வைக்கும், ஆனால் கெட்டுப்போய்விடவில்லை. அதற்குச் சமமாகக் காய்ந்த இலைச் சருகைக் கையால் நொறுக்கிப் போட்டுக் கிளறுங்கள். ஒரு பிடியை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும், பிழிந்து உதறின துணியின் ஈரம் இருந்தால் போதும், அதற்கு மேல் வடிந்தால் இன்னும் சருகு சேருங்கள். தொட்டியின் பக்கத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கம்பியைச் சூடாக்கி நாலு பக்கமும் விரல் இடைவெளியில் போட்டுவிடுங்கள். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த தேங்காய் நாரைப் பரப்பிவிட்டுத் திரும்ப நிரப்புங்கள், தொட்டிக்குக் கீழே ஒரு பழைய தட்டு வையுங்கள். கீழ் வீட்டுக்காரரின் பிரச்சினை அந்தத் தட்டோடு தீர்ந்துவிடும். அதில் வடிகிற தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து பூச்செடிக்கு ஊற்றலாம், சாப்பிடுகிற கீரைக்கு வேண்டாம்.

அப்புறம் தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு கிண்ணம் கழிவு போட்டால் அதன் மேல் குறைந்தது ஒரு கிண்ணம் சருகு, மழைக்காலத்தில் இரண்டு கிண்ணம். மேலே எப்போதும் காய்ந்த அடுக்குதான் கண்ணில் பட வேண்டும், கழிவு தெரியவே கூடாது. ஈ உட்கார இடமிருக்காது. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு குச்சியால் அடிவரைக்கும் கிளறிவிடுங்கள். முதல் தடவை மட்டும் ஒரு டம்ளர் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். குழம்பு, எண்ணெய்ப் பண்டம், மீன் முள், கறி எலும்பு இவற்றை முதல் ஆறு மாதம் போடாதீர்கள். தயிர் சாதம் மிஞ்சினால் கைப்பிடி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாங்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், போட வேண்டாம். வாழைப்பழத் தோலை நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும், முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். சென்னை வெயிலுக்கு இரண்டு, இரண்டரை மாதத்தில் உதிரி உதிரியாக, மண் வாசனையோடு உரம் வந்துவிடும்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் தெருவைப் பெருக்குகிற தூய்மைப் பணியாளரிடம் ஒரு சாக்கு கொடுத்துப் பேசிப் பாருங்கள். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் கொட்டித் தீர்க்கும், பல இடங்களில் அதைக் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள். மூன்று நாலு சாக்கு கட்டி மாடிப்படிக்குக் கீழே நனையாமல் வைத்துக்கொண்டால் அடுத்த மழைக்காலம்வரை தாங்கும். கிடைக்காத மாதங்களில் கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் கட்டி வாங்கி, தண்ணீர் ஊற்றாமல் உதிர்த்துப் போடலாம். கிழித்த அட்டைப்பெட்டியும் ஆகும், ஆனால் வழவழப்பான அட்டை வேண்டாம்.

புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. பழுப்பு நிறத்தில், கொஞ்சம் தட்டையாக, முக்கால் அங்குலம் நீளத்துக்கு நெளிந்தால் அது பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈயின் புழு. கடிக்காது, அந்த ஈ நம் சாப்பாட்டைத் தேடி வீட்டுக்குள் வருவதும் இல்லை, கழிவைத் தின்று தீர்ப்பதில் அதற்கு ஈடு கிடையாது. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஈரத்தைக் குறையுங்கள், தானாகக் குறைந்துவிடும். வெள்ளைப் புழு பொடியாக இருந்தால் வீட்டு ஈயாக இருக்கலாம், அதற்கும் மருந்து காய்ந்த அடுக்குதான். பூச்சி மருந்து அடித்துவிடாதீர்கள், உரமாக்குகிற உயிர்களும் சேர்ந்து செத்துவிடும்.

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாறுகிற பொருளை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது சரியான சட்டம், அதை மீறித்தான் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. அவரிடமே பொறுப்பைக் கொடுங்கள். "அத்தை, நாத்தம் வந்தா நீங்க சொல்ற அன்னிக்கே தொட்டியை மாடிக்குக் கொண்டுபோயிடறேன், ஒரு மாசம் பாருங்க" என்று சொல்லிவிட்டு அதன்படியே நடந்துகொள்ளுங்கள். முதல் உரம் வந்ததும் அவருடைய துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போடுங்கள், அந்தச் செடிகளில் கை வைக்கிற உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல். நான் பார்த்தவரை, பல வீடுகளில் மூன்றாவது மாதத்துக்கு அப்புறம் தொட்டியைக் கிளறுவது மாமியார்களாகத்தான் இருக்கிறார்கள்.

கணவர் சொல்வதும் பல தெருக்களில் உண்மை. குப்பையைத் தரம் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன, இருந்தும் பிரித்து வாங்கியதை ஒன்றாகக் கொட்டுகிற வண்டிகள் இருக்கின்றன. அப்படி நடந்தால் 1913க்கு அழைத்து மாநகராட்சியில் புகார் பதியுங்கள், தேதியையும் நேரத்தையும் சொல்லிப் பதியுங்கள், நாலு வீடு சேர்ந்து பதிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவருடைய கேள்விக்கு இதைவிட நேரான பதில் ஒன்று உண்டு. ஈரக் குப்பை உங்கள் பால்கனியிலேயே நின்றுவிட்டால், வண்டிக்காரர் என்ன செய்தாலும் உங்கள் வீட்டுக் காகிதமும் பிளாஸ்டிக்கும் உங்கள் சாம்பாரில் ஊறப் போவதில்லை. மற்றவர் ஒழுங்காக இருக்கிறாரா என்று காத்திருக்க வேண்டாத வேலை இது ஒன்றுதான், அதனால்தான் இதையே முதலில் செய்யச் சொல்கிறேன்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். கலந்து கொடுக்கிற குப்பையை யாரோ ஒருவர் கையால்தான் பிரிக்கிறார். பிரிக்கும் கூடத்தில் நின்று பார்த்தால் தெரியும், ஊசிப்போன குழம்புக்குள் கையை விட்டுத்தான் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுக்க வேண்டியிருக்கிறது, அதே குவியலில் ஷேவிங் பிளேடும் உடைந்த டம்ளரும் சுருட்டாமல் போட்ட நாப்கினும் கிடக்கும். நாப்கினை, டயாப்பரைச் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுங்கள். கண்ணாடித் துண்டை அட்டைக்குள் வைத்து ஒட்டுங்கள். இதற்குப் பணச் செலவு கிடையாது, யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை, நாளைக் காலையிலேயே தொடங்கலாம். என்னைக் கேட்டால் சுற்றுச்சூழல் பழக்கம் என்ற பேச்சே இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

காய்ந்த குப்பைக்குப் பழைய பேப்பர் கடை இருக்கிறது. பால் கவரைப் பல கடைகளில் எடைக்கு வாங்குகிறார்கள். கவரைத் திறக்கும்போது மூலையைத் துண்டாக வெட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி வெட்டுங்கள், அந்தப் பொடித் துண்டுதான் எவருக்கும் சிக்காமல் சாக்கடைக்குப் போகிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரிலேயே கவரை அலசி, குழாயின் பின்னால் ஒட்டிக் காயவிட்டால் போதும். ஒரு நாளைக்கு இரண்டு கவர் என்றாலும் வருஷத்துக்கு எழுநூறுக்கு மேல். இதைச் சின்னவனிடம் கொடுங்கள், பேப்பர் கடையில் வருகிற காசு அவனுக்கு. சிப்ஸ் பாக்கெட் வேறு ஜாதி, பல அடுக்கு ஒட்டிய தாள், பேப்பர் கடையில் வாங்க மாட்டார்கள். அதைத் தயாரிக்கிற கம்பெனிகள்தான் திரும்ப எடுத்துப் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அந்தப் பாவத்தை உங்கள் பிள்ளைகளின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். ஒளித்து வைக்கிற நிலைமைக்கு அவர்களைத் தள்ளினால் பாக்கெட் ஜன்னல் வழியாகப் போகும், அது இன்னும் மோசம். வாரத்துக்கு ஒரு நாள் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள், மற்ற நாளில் தெருமுனைக் கடையில் டப்பாவில் வாங்கின முறுக்கோ வறுகடலையோ இருக்கட்டும்.

இனி கண்ணுக்குத் தெரியாத குப்பைக்கு வருகிறேன், அதாவது மின்சாரம். நம் நாட்டில் இன்னும் பெரும்பகுதி மின்சாரம் நிலக்கரியில் வருகிறது, சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு. உங்கள் ஹால் ஃபேன் பழசாக இருந்தால் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற மோட்டார் வைத்த புது வகை ஃபேன், அதே காற்றுக்கு 30 வாட் சுமாரில் எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் ஹால் ஃபேன் பதினைந்து மணி நேரம் ஓடுவது சாதாரணம், அந்தக் கணக்கில் ஒரே ஃபேனில் வருஷத்துக்கு 240 யூனிட் மிச்சம், 170 கிலோ கரியமில வாயு. யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்தாலும் 1,400 ரூபாய்க்கு மேல், மூவாயிரம் ரூபாய் சுமாரில் விற்கிற ஃபேன் இரண்டு, இரண்டரை வருஷத்தில் தன் காசைத் தானே கொடுத்துவிடும். எல்லா ஃபேனையும் மாற்றக் கிளம்பாதீர்கள். அதிக நேரம் ஓடுகிற ஒன்றை மட்டும் மாற்றி, பழையதை எப்போதாவது ஓடுகிற அறைக்குக் கொண்டுபோங்கள். மாட்டும்போது எலெக்ட்ரீஷியனிடம் பழைய ரெகுலேட்டரை நீக்கிவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், அதோடு சேர்த்து ஓட்டினால் ஃபேன் கெட்டுவிடலாம். வாடகை வீடு என்று தயங்க வேண்டாம், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

ஏ.சி. இருந்தால் 20இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்கிற பழக்கத்தை விடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிற கணக்கு, 2020இலிருந்து புது ஏ.சி.கள் 24இல் தொடங்கும்படி வருவதும் அதனால்தான். 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும். இந்த ஈ.பி. கணக்கை உங்கள் கணவரிடம் விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும், அந்தக் கோட்டுக்குக் கீழே நிறுத்துவது அவருக்கே பிடித்த வேலையாகிவிடலாம். 'நீ ஒருத்தி' என்பது அப்போதே 'நாம்' ஆகிவிடும், அதற்காகத் தனியாக வாதாட வேண்டியிருக்காது.

சமையல் கேஸில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பருப்பையும் அரிசியையும் ஊறவைத்துக் குக்கரில் வைப்பது, கொதி வந்ததும் தணலைக் குறைப்பது, மூடி போட்டுச் சமைப்பது, அவ்வளவுதான். தண்ணீர் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரைக்கும் வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயை ஒரு பக்கெட்டில் விட்டுவிடுங்கள், வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். உப்பு அதிகமாக இருக்கும் என்பதால் செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ.வே தேவையில்லை, கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும்.

வாங்குவதைப் பற்றி. இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், மிச்சம் இருக்கிறதில் பருப்பும் புளியும் போட்டு, உடைகிறவரை ஓட்டுங்கள், சூடான பண்டத்துக்கு மட்டும் ஸ்டீல். ஒரு பொருளைச் செய்வதற்கான பாரம் அதை வாங்கும்போதே நம் கணக்கில் ஏறிவிடுகிறது. எத்தனை நாள் உழைக்க வைக்கிறோம் என்பது மட்டும்தான் நம் கையில். துணிப்பையும் அப்படித்தான். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் செய்த ஆய்வில், ஒரு பருத்திப் பை, காலநிலைக் கணக்கில் மட்டும், சாதாரண பிளாஸ்டிக் கவருக்கு ஈடாவதற்கே ஐம்பது தடவைக்கு மேல் பயன்பட வேண்டும் என்று வந்தது. எனவே புதிதாக அழகழகாகப் பை வாங்க வேண்டாம். பீரோவைத் திறந்து பாருங்கள், கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பை இருபதாவது கிடக்கும். ஆனால் அவற்றில் துணிபோலத் தெரிகிற மொரமொரப்பான பைகள் துணி கிடையாது, பாலிப்ரொப்பிலீன், அதுவும் பிளாஸ்டிக்தான், 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் அந்தப் பையும் இருக்கிறது. இருப்பதைக் கிழிகிறவரை பயன்படுத்துங்கள், புதிதாக வாங்காதீர்கள். 'மக்கும் பை' என்று விற்கிற மெல்லிய பையை உங்கள் பால்கனித் தொட்டியில் போட்டு மக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை மக்குவதற்குத் தொழிற்கூட உரக் கிடங்குகளில் இருக்கிற 60 டிகிரிக்குப் பக்கமான சூடு வேண்டும்.

பழக்கத்தில் நிஜமாகவே பிளாஸ்டிக்கைக் குறைக்கிறது பாத்திரத்தோடு கடைக்குப் போவதுதான். மாவுக் கடைக்கு ஒரு தூக்கு, மீன் கடைக்கு ஒரு மூடி போட்ட டப்பா, ஓட்டல் சாம்பாருக்கு ஒரு கேரியர். கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவதை முதலில் நிறுத்துங்கள், அது குப்பைக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் நல்லதில்லை. முதல் இரண்டு தடவை கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அப்புறம் உங்களைப் பார்த்ததும் அவரே கையை நீட்டுவார்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்யச் சொல்லவில்லை. இந்த மாதம் கம்போஸ்ட்டும் நாப்கின் சுற்றுவதும் போதும். அது கைக்குப் பழகின பிறகு பால் கவர், அதற்கப்புறம் ஃபேன். நடுவில் ஒரு நாள் அலுப்பில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டாலும் பரவாயில்லை, மறுநாள் தொடருங்கள். உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ள வேண்டாம், வீட்டில் யாரையும் நிறுத்தவும் வேண்டாம். சீரான குப்பை வண்டி, பஸ், நிலக்கரி இல்லாத மின்சாரம் எல்லாம் அரசும் கம்பெனிகளும் செய்ய வேண்டியவை. அதைக் கேட்டு வாங்குவதும் நம் வேலை, வார்டு கவுன்சிலரிடம் போய்க் கேட்கிற அரைமணி நேரம் பத்து மூங்கில் பிரஷ்ஷைவிட மதிப்புள்ளது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடைசியாகப் பிறந்த நாள். பேப்பர் தட்டு வேண்டாம், குழம்பு ஊறாமல் தாங்குகிற பேப்பர் தட்டு என்றாலே உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம், அதுவும் 2019 தடையில் வருகிறதுதான். முப்பது பேருக்கு வாடகைப் பாத்திரக் கடையில் ஸ்டீல் தட்டும் டம்ளரும் எடுக்கலாம், கழுவ ஆள் கிடைக்கவில்லை என்றால் வாழை இலை. சின்ன தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் ஒரு இருபது லிட்டர் கேன் போதும். கேக் மேல் தூவுகிற ஜிகினாவையும் பலூனையும் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பையன் ஆசைப்பட்டால் நாலு பலூனுக்காக அழவிட வேண்டாம். இலை என்றால் சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை வழித்துத் தனியே எடுத்துவிட்டு, இலையைக் கத்தரிக்கோலால் கீற்றுக் கீற்றாக வெட்டுங்கள். முப்பது இலையும் ஒரே நாளில் உங்கள் தொட்டி தாங்காது. பாதியைச் சருகோடு கலந்து ஒரு சாக்கில் கட்டி மாடியில் வைத்து, அடுத்த இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், காற்றுப் போக அந்தச் சாக்கிலும் நாலைந்து ஓட்டை இருக்கட்டும்.